தில்லி வெயிலில் ஹாலி

(சரோஜினி நகரில் தமிழ் அன்பர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் பிறந்தால் சரோஜினி நகர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் ஹாலி வந்து குவிந்துவிடும். கரும்பச்சை இலை, ஓரத்தில் முள், நடுவில் மூன்று சிவப்புக் கனி. அதை வாங்கிப்போகும் பிள்ளைகள் வீட்டில் கேட்கிற கேள்வி, "இந்தச் செடி நிஜமாகவே இருக்கிறதா, நம் வீட்டில் வளருமா?" பெரியவர்கள் யோசிக்காமல், "அது குளிர்நாட்டுச் செடி, இங்கே வராது" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஹாலி என்பது ஒரே ஒரு செடி கிடையாது. ஐலெக்ஸ் என்ற அந்தப் பேரினத்தில் அறுநூறுக்கும் அதிகமான இனங்கள் உண்டு. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் நாம் பார்ப்பது அவற்றில் ஒன்று, ஐரோப்பாவுக்குச் சொந்தமான ஆங்கில ஹாலி. பெரும்பாலான இனங்கள் வெப்பமண்டலத்திலும் அதை அடுத்த பகுதிகளிலும்தான் வாழ்கின்றன. அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் மாகாணத்தில் புழுங்கும் கோடையில், செம்மண்ணில், வயல் வயலாகப் பயிராகும் யெர்பா மாத்தே ஒரு ஹாலிதான். நமக்குக் காலையில் காபி எப்படியோ, அப்படி அந்த ஊர்க்காரர்களுக்கு அதன் இலைச்சாறு. தென்பிரேசில், பராகுவே, உருகுவே எங்கும் இதே பழக்கம்தான்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நீலகிரிச் சோலைக்காடுகளில் இரண்டு ஹாலி இனங்கள் மரமாகவே நிற்கின்றன. ஒன்றின் பெயர் ஐலெக்ஸ் டென்டிகுலாட்டா. மற்றொன்று ஐலெக்ஸ் வைட்டியானா. கோயம்புத்தூரில் பருத்திப் பண்ணைகளைக் கவனித்துக்கொண்டே தென்னிந்தியத் தாவரங்களை எழுதி வைத்த ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கியது. வைட்டின் நூல்களுக்குச் செடி செடியாகப் படம் தீட்டியவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஊர் ஓவியர்கள். அந்த இருவரின் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் அறியாமல் வளர்வது எனக்கு மிகுந்த வருத்தம். ஊட்டிக்குப் போகிறவர்கள் இந்த மரங்களைக் கடந்துதான் போகிறார்கள். வைட்டியானாவின் இலையில் முள் இல்லாததால் யாருக்கும் அது ஹாலி என்று தோன்றுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்னும் கீழே, ஈரமும் வெப்பமும் சேர்ந்த பசுமைக் காடுகளில் ஐலெக்ஸ் மலபாரிக்கா இருக்கிறது. இலங்கையில் ஹார்ட்டன் சமவெளிப் பக்கம் ஐலெக்ஸ் வாக்கெரி. தில்லிக்கு மிக அருகில் காட்டு ஹாலியைப் பார்க்க வேண்டுமென்றால் நைனிதால், முசூரி, சிம்லா மலைகளுக்குப் போகலாம். கருவாலி மரங்களுக்கு நடுவே இமயமலை ஹாலி நிற்கும். இளம் மரத்தின் இலையில் கூரிய முள் இருக்கும். முதிர்ந்த மரத்தின் மேல் கிளையிலோ ஓரம் வழவழப்பாகிவிடும். ஆடு மாட்டின் வாய் எட்டுகிற உயரத்தில் முள், எட்டாத உயரத்தில் வெறும் இலை. ஐரோப்பிய ஹாலியிலும் இதே குணம் உண்டு. மேயப்பட்ட கிளை மறுபடி தழைக்கும்போது முள்ளோடு தழைக்கிறது என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

சரி, வெப்பத்திலும் ஈரத்திலும் இத்தனை ஹாலிகள் வாழும்போது தில்லியில் மட்டும் ஏன் பட்டுப்போகிறது? வெயிலைக் குற்றம் சொல்வது சுலபம். நான் மண்ணையும் தண்ணீரையும்தான் முதலில் குற்றம் சொல்வேன்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சஃப்தர்ஜங் வானிலை நிலையம் இருக்கிறது. 2024 மே 29 அன்று அங்கே பதிவான வெப்பம் 46.8 டிகிரி. அதே நிலையத்தில், ஒரு மாதம் கழித்து, ஜூன் 28 காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் பதிவான மழை 228.1 மில்லிமீட்டர். ஜூன் மாதம் முழுவதற்கும் வழக்கமாகக் கிடைக்கும் மழையே சுமார் 74 மில்லிமீட்டர்தான். தொட்டியில் இருக்கும் ஒரு செடியின் இடத்தில் இருந்து இதை நினைத்துப் பாருங்கள். மே மாதத்தில் லூ என்கிற வறண்ட அனல்காற்று இலையில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சுகிறது. வேர் எவ்வளவு இழுத்துக் கொடுத்தாலும் போதவில்லை. மெல்லிய வேர்களில் பாதி வெந்துவிடுகின்றன. அந்தக் காயம் ஆறும் முன் மண் தொப்பலாக நனைந்து, நாள்கணக்கில் காற்றோட்டமே இல்லாமல் கிடக்கிறது. மண்ணில் இருக்கும் பூஞ்சை வகை நோய்க்கிருமிகளுக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆகஸ்டில் இலை உதிர்கிறது. நாம், "மழையில்தானே இருந்தது, எப்படிச் செத்தது?" என்கிறோம். அது சாகத் தொடங்கியது மே மாதத்தில்.

இப்படிப் பட்டுப்போன செடியைத் தூக்கி எறியும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். தொட்டியைக் கவிழ்த்து, வேர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். இழுத்தால் மேல்தோல் உறை கழல்வதுபோல் கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். ஒரு முறை அதைப் பார்த்தவர்கள் பிறகு தண்ணீர் ஊற்றும்போது யோசித்துத்தான் ஊற்றுவார்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. ஹாலிகளில் பெரும்பாலானவை சற்றே புளித்த மண்ணைக் கேட்பவை. மிசியோனெஸ் செம்மண்ணும் நீலகிரிச் சோலை மண்ணும் அப்படிப்பட்டவை. தில்லி மண் இதற்கு நேர் எதிர், சுண்ணாம்பு மண். அந்த மண்ணில் இரும்பு நிறைய இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. இளந்தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். தோட்டக்கார மாலியிடம் காட்டினால், "உரம் போதவில்லை" என்று சொல்லி ஒரு பிடி யூரியா போட்டுவிட்டுப் போவார். யூரியா இதற்கு மருந்தாகாது. கீலேட் வடிவில் விற்கும் இரும்புச் சத்தை நீரில் கரைத்து ஊற்றினால் தளிர் பச்சையாகும். ஆனால் மண் மாறாத வரை மஞ்சள் மறுபடியும் வரும்.

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று அறியச் சமையலறையே போதும். உலர்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து, அதன் மேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். காதருகே வைத்துக் கேளுங்கள். சுரீரென்று நுரைத்தால் சுண்ணாம்பு மண். அந்த மண்ணில் ஹாலி வைக்காதீர்கள். நுரைக்கவில்லை என்றாலும் பிஎச் தாளை வாங்கி ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

எந்த ஹாலியை வைப்பது? ஆங்கில ஹாலியைத் தில்லியில் வைக்க வேண்டாம், ஆசைக்குக்கூட வேண்டாம். இமயமலை ஹாலியும் சமவெளியில் தங்காது. அதோடு காட்டிலிருந்து பிடுங்கி வருவது குற்றம், பாவமும்கூட. நம்பிக்கை தருவது சீன ஹாலி. கிழக்குச் சீனாவின் புழுக்கமான கோடைக்குப் பழகியது அது. 1846-இல் அதை ஐரோப்பாவுக்கு அனுப்பியவர் ராபர்ட் ஃபார்ச்சூன். பின்னாளில் சீனத் தேயிலைக் கன்றுகளை இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த அதே ஃபார்ச்சூன்தான். இந்தச் சீன ஹாலியில் பர்ஃபோர்டு என்றொரு வகை உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வெஸ்ட்வியூ கல்லறைத் தோட்டத்துக்குக் கண்காணிப்பாளராக இருந்த தாமஸ் பர்ஃபோர்டின் கையில் வளர்ந்தது. இலை நடுவில் புடைத்து, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். ஓரத்தில் முள் இருக்காது, நுனியில் மட்டும் ஒன்று இருக்கும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு அது ஒரு பெரிய சௌகரியம்.

பர்ஃபோர்டின் அருமை வேறொன்றிலும் இருக்கிறது. ஹாலியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடிதான் காய்க்கும். அதுவும் ஆண் செடி பக்கத்தில் இருந்து தேனீ வந்துபோனால்தான். ஆசையாக ஒற்றைச் செடியை வாங்கி வைத்துப் பல வருஷம் கனிக்குக் காத்திருந்து ஏமாந்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். பர்ஃபோர்டு பெண் செடி. மகரந்தம் கிடைக்காவிட்டாலும் காய்க்கும். பால்கனியில் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஹாலி எனக்குத் தெரியாது.

இன்னொன்று யாப்பான். டெக்சஸ், ஃபுளோரிடா கடலோரங்களின் சொந்தச் செடி. வெயில், உப்புக் காற்று, தேங்கிய நீர், வறட்சி எல்லாவற்றையும் தாங்கும். முக்கியமாக, சுண்ணாம்பு மண்ணை மற்ற ஹாலிகளைவிட நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். சிறிய இலை, முள்ளே கிடையாது. அதன் இலையில் காஃபீன் இருப்பதால் அங்குள்ள பூர்வகுடிகள் நூற்றாண்டுகளாகக் காய்ச்சிக் குடித்துவந்தார்கள். தில்லி மண்ணுக்கு ஒரு ஹாலியைத் தேர்ந்தெடு என்று என்னைக் கேட்டால் யாப்பானைத்தான் சொல்வேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அட்லாண்டாவிலும் ஹூஸ்டனிலும் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் இந்த அவையில் நிறையப் பேர். திரும்பி வரும்போது பெட்டியில் ஒரு கிளையோ விதையோ வைத்துக் கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைக்காப்பு ஆணைப்படி அனுமதியும் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் செடி, விதை கொண்டுவரக் கூடாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. ஒரு கிளையில் ஒட்டிவந்த செதில்பூச்சி ஊர்த் தோட்டங்களையே பாழாக்க முடியும். நர்சரிகளில் சொல்லி வையுங்கள், கிடைக்கும்வரை பொறுங்கள். விதையால் உங்களுக்குப் பலனும் இல்லை. ஹாலி விதை முளைக்க ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகும்.

கன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை அக்டோபரில் நடுங்கள். இங்கே எல்லாரும் ஜூலை மழையில் நடச் சொல்வார்கள். வேப்பங்கன்றுக்கும் நாவலுக்கும் அது சரி. ஹாலிக்கு மழை ஓய்ந்த பிறகு நட்டால் குளிர்காலம் முழுவதும் வேர் ஓட நேரம் கிடைக்கும், அடுத்த மே மாதத்து லூவை அது வேரோடு எதிர்கொள்ளும். தரையில் வேண்டாம், தொட்டியில் வையுங்கள். பதினாறு அங்குல மண் தொட்டி நல்லது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை மேற்கு வெயிலில் வைத்தால் அந்தப் பக்கத்து வேர் வெந்தே போகும். பாதிக்குப் பாதி மட்கிய இலையெரு, மீதியில் பருமணலும் தேங்காய் நார்த்தூளும் வினிகருக்கு நுரைக்காத தோட்ட மண்ணும். வேப்பிலை, நாவல் இலை எதுவானாலும் சரி, குழியில் போட்டு மக்கவையுங்கள். தில்லியில் குளிர்காலம் முடியும்போது தெருவெங்கும் இலை கொட்டுகிறது. அதைக் கொளுத்தக் கூடாது என்று தடை இருக்கிறது. ஹாலிக்கு அதைவிட நல்ல உணவும் இல்லை. தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் இருக்கும் ஓட்டையை மூடக் கூடாது. காலை வெயில் படும் கிழக்குப் பால்கனி உத்தமம்.

தண்ணீர் விஷயத்தில் தில்லி வீடுகளில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. அடுக்களையில் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வடிகட்டிய உப்பும் சுண்ணாம்பும் முழுக்க அந்த நீரில்தான் இருக்கின்றன. அதைக் கொண்டு தரையைக் கழுவுங்கள், ஹாலிக்குக் காட்டாதீர்கள். அதே வீட்டில் ஏ.சி. குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகித் தெருவுக்குப் போகிறதே, அது காற்றின் ஈரம் குளிர்ந்து விழுகிற நீர். சுண்ணாம்பு அறவே கிடையாது. ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் ஒரு ராத்திரியில் ஒரு வாளி நிறையும். மழைநீரையும் இதையும் பிடித்து வைத்துக்கொண்டால் ஹாலிக்குக் குழாய்த் தண்ணீரே தேவைப்படாத வாரங்கள் உண்டு. மேல் மண்ணில் விரலை இரண்டு கணு நுழைத்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

மே, ஜூனில் மதிய வெயிலுக்குப் பச்சை வலை கட்டுங்கள். வறண்ட காலத்தில் இலைக்கு அடியில் சிலந்திப்பேன் வரும். மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி நீர் அடித்தாலே குறையும். செதில்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். கத்தரிப்பதில் அளவு வேண்டும். சீன ஹாலி முந்தைய வருஷத்துக் கிளையில்தான் பூக்கும். சதுரமாக வேண்டும் என்று மாதம் ஒருமுறை வெட்டினால் கனியே பார்க்க முடியாது. அந்தக் கனி பறவைகளுக்குத்தான் உணவு. நாம் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டியை உயரத்தில் வையுங்கள்.

சென்னையிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு லூ கிடையாது. ஆனால் இரவும் குளிர்வதில்லை, வருஷம் முழுக்க வேருக்கு ஓய்வு இல்லை. அங்கே ஹாலியோடு போராடுவதைவிட சிங்கப்பூர் ஹாலி என்ற பெயரில் விற்கும் மால்பீஜியாவை வையுங்கள். ஹாலிக்கும் அதற்கும் உறவில்லை. கரீபியன் தீவுகளிலிருந்து வந்தது. முள் பல் வைத்த அதே மாதிரிக் குட்டி இலை, இளஞ்சிவப்புப் பூ, சிவப்புக் கனி. கடலோரப் புழுக்கம் அதற்குச் சொந்த வீடு.

தொட்டியில் ஒரு ஹாலி என்பது ஆசைக்கு, அழகுக்கு, பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கு. வேலி என்று வந்துவிட்டால் என் தீர்ப்பு வேறு. தில்லி தரையில் ஹாலி வேலி போடாதீர்கள். புதுதில்லியைக் கட்டிய காலத்தில் எந்தச் செடி இந்த மண்ணில் நிற்கும் என்று சோதித்துப் பார்ப்பதற்காகவே ஒரு பெரிய நாற்றங்கால் வைத்தார்கள். இன்றைய சுந்தர் நர்சரிதான் அது. ராஷ்டிரபதி பவன் தோட்டத்தை உருவாக்கிய வில்லியம் மஸ்டோ அங்கே கத்தரித்து வடிவமாக்க எடுத்துக்கொண்ட மரங்களில் மகிழமும் புத்ரஞ்சீவியும் உண்டு. இரண்டும் இந்த நாட்டு மரங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த மனிதருக்கே அந்தத் தெளிவு இருந்தது. நமக்கு மருதாணி வேலி இருக்கிறது. வெள்ளைப் பூவும் சிவந்த கனியுமாக, இந்த ஊர்த் தோட்டக்காரர்கள் காமினி என்று சொல்லும் முராயா இருக்கிறது. களா இருக்கிறது: முள், மணக்கும் பூ, ஊறுகாய்க்குக் காய், மூன்றும் ஒரே செடியில். அதன் தம்பியான சிறுகளா தில்லி ரிட்ஜ் காட்டில் யாரும் நீர் ஊற்றாமல் தானே வளர்கிறது.

இந்தப் பேட்டையில் இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. விநய் நகர் என்ற பழைய பெயரைச் சொல்லும் பெரியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அன்றைய குவார்ட்டர்ஸ் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு துண்டு மண் இருந்தது, அதைச் சுற்றி வேலி இருந்தது. அதில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து எத்தனை தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன! 2016-இல் இது உட்பட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2018 ஜூனில், ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படப்போகின்றன என்று தெரிந்ததும் மக்கள் இந்த சரோஜினி நகரில் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. மரத்துக்காக நின்றவர்களை நான் மனதார வணங்குகிறேன். ஆனால் மண்ணுக்காக யாரும் நிற்கவில்லை.

பழைய கட்டடம் இடியும்போது செங்கல்லும் சிமென்ட்டும் காரையும் தரையில் கலக்கின்றன. அதன் மேல் நாலு அங்குல மண்ணைப் பரப்பி, புல்லை விரித்து, செடியை நட்டுவிட்டால் திறப்பு விழாவுக்குப் பச்சையாகத்தான் இருக்கும். சிமென்ட்டில் இருக்கும் சுண்ணாம்பு, ஏற்கெனவே சுண்ணாம்பான தில்லி மண்ணை இன்னும் கெடுக்கும். கீழே கார் நிறுத்துமிடம், மேலே தோட்டம் என்று கட்டும் இடங்களில் வேருக்கு ஆழமும் கிடையாது. அங்கே ஹாலி மட்டுமல்ல, களாகூடத் திணறும்.

அதனால் புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபோகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. எந்தச் செடி நடப்போகிறீர்கள் என்று அதிகாரிகளிடம் கேட்பதற்கு முன், எவ்வளவு ஆழத்துக்கு மண் போட்டிருக்கிறீர்கள், இடிபாட்டை அள்ளினீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். வேலிக்கு இரண்டடி ஆழ நல்ல மண் வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். மூலையில் இலையெருக் குழிக்கு ஓர் இடம் கேட்டு வாங்குங்கள். வினிகர் நாலு சொட்டு விட்டுப் பார்த்து, நுரைத்தால் அதையும் குறித்து அனுப்புங்கள். இந்த அக்டோபருக்குள் இதைச் செய்து முடிக்க முடியும், செய்யுங்கள்.